மிச்சக் கட்டிக்கு அடுத்து எந்தச் சிகிச்சை? குழந்தையின் வருங்காலத்தை வைத்து ஐந்து வழிகள்

குழந்தையின் மூளைக் கட்டிக்கு அறுவைசிகிச்சை முடிந்துவிட்டது. பயாப்ஸி முடிவில் லோ கிரேடு கிளையோமா, அதாவது மெதுவாக வளரும் மூளைக் கட்டி என்று வந்திருக்கிறது. பெரும்பாலும் அதில் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற பெயர் இருக்கும். ஸ்கேனில் கொஞ்சம் கட்டி மிச்சம் தெரிகிறது. ஒரு மருத்துவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் கீமோ தொடங்கலாம் என்கிறார். மூன்றாமவர் ரேடியேஷன் கொடுத்து முடித்துவிடலாம் என்கிறார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெற்றோர் திணறுவதும் அதனால்தான்.

இந்த வகைக் கட்டிகளுக்கு இரண்டு குணங்கள் உண்டு. பத்தாண்டு கழித்து 10 பிள்ளைகளில் ஏறக்குறைய 9 பேர் உயிரோடு இருக்கிறார்கள். பிள்ளை வளர்ந்து ஆளாகும் வயதை நெருங்கும்போது பெரும்பாலான கட்டிகள் வேகம் குறைந்து அடங்கிவிடுகின்றன. ஆகவே அந்த வயதுவரை பார்வையும் மூளையும் உடலும் கெடாமல் பிள்ளையைக் கொண்டு சேர்ப்பதே சிகிச்சையின் வேலை. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கில்தான் போகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெடுல்லோபிளாஸ்டோமா, எபென்டிமோமா போன்ற வேகமான கட்டிகளுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அங்கே ரேடியேஷனைத் தள்ளிப்போடுவதும் அளவைக் குறைப்பதும் உயிரோடு விளையாடுவதாகிவிடலாம். மெடுல்லோபிளாஸ்டோமாவில் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு, பின்விளைவைக் குறைப்பதற்காக, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் தரும் கதிர் அளவை (கிரே என்பது அதன் அலகு) 23.4 கிரேயிலிருந்து 18 கிரேயாக இறக்கிப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. இறக்கியவர்களுக்குக் கட்டி திரும்புவது கூடியது. உங்கள் பிள்ளையின் கட்டி எந்த வகை என்பது எழுத்தில் உறுதியாகும் வரை இங்குள்ள எதையும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

வயது. 3 வயதுக்குள் ரேடியேஷனை எப்பாடுபட்டாவது தவிர்ப்பார்கள். 5 வயதுக்குள் கொடுத்தால் படிப்புத்திறன் படும் அடி பெரிது. 10 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அதே அளவு கதிர் செய்யும் சேதம் கணிசமாகக் குறைவு.

கட்டி இருக்கும் இடம். சிறுமூளையில் இருந்தால் கத்திக்கு இடம் கொடுக்கும். பார்வை நரம்பு, ஹைப்போதலாமஸ் (பசி, தாகம், ஹார்மோன்களை ஆளும் பகுதி), மூளைத்தண்டு என்றால் முழுதாக எடுக்கும் முயற்சியே கட்டியைவிட அதிகம் கெடுத்துவிடக்கூடும்.

மரபணு. மூன்று பதில்கள் தேவை. பிள்ளைக்கு நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1 (நரம்புகளில் கட்டிகள் வரவைக்கும் மரபணு நோய்) இருக்கிறதா? கட்டியில் பிராஃப் மரபணு இணைவு, அதாவது பிராஃப் என்ற மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டது, இருக்கிறதா? அல்லது அதே மரபணுவின் ஒரு புள்ளியில் வரும் பிராஃப் வி600ஈ மாற்றம் இருக்கிறதா? பயாப்ஸி எடுத்த திசுவில் இந்தச் சோதனை செய்யாமலே பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் வழக்கமான ஜீன் பேனல் சிலவற்றில் இணைவு தப்பிவிடும். அதற்கென்று தனியாகச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

இப்போது எது கெட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்கேனில் கட்டி அசையாமல் இருக்கும்போதே பார்வை குறைந்துகொண்டே போகலாம். பார்வைப் பாதைக் கட்டிகளில் கட்டியின் அளவும் பார்வையும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை.

இழந்தால் மாற்று உண்டா. எங்கள் பார்வையில் மிக முக்கியமான கேள்வி இதுதான். பக்கவிளைவுப் பட்டியலைக் கையில் கொடுக்கும்போது யாரும் பிரித்துச் சொல்லாததும் இதைத்தான். தைராய்டு குறைந்தால் தினம் ஒரு மாத்திரை போதும். வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் ஊசி இருக்கிறது. கார்ட்டிசால் குறைவுக்கு மாத்திரை உண்டு. ஆனால் காய்ச்சல் நாளில் அளவைக் கூட்ட மறந்தால் உயிருக்கே ஆபத்து. காது கேட்பது குறைந்தால் கருவி ஓரளவு ஈடுகட்டும். போன பார்வை திரும்புவது அரிது. மூளை வேலை செய்யும் வேகம் குறைந்தால் அதை ஈடுகட்ட மருந்து கிடையாது. பள்ளியையும் வாழ்க்கையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள மட்டுமே முடியும். ஐந்து பக்கவிளைவு உள்ள சிகிச்சை இரண்டு உள்ளதைவிட மோசம் என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்தால் தவறிவிடும்.

## வழி 1: பொறுத்துப் பார்த்தல்

சிகிச்சை எதுவும் கொடுக்காமல், முதல் ஆண்டில் 3 மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ., பிறகு 4 முதல் 6 மாதத்துக்கு ஒன்று, அசைவில்லை என்றால் ஆண்டுக்கு ஒன்று என்று போகும் வழி. நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ள பிள்ளைகளின் பார்வை நரம்புக் கட்டிகளில் பல இப்படியே அடங்கிவிடும். சிறுமூளையில் மெல்லிய மிச்சம் இருந்தால் அதுவும் வருடக்கணக்கில் கிடக்கும். சில சமயம் தானாகச் சுருங்கியும் போகும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்கேனையும் அதற்கு முந்தைய ஸ்கேனோடு மட்டும் ஒப்பிட்டு "மாற்றமில்லை" என்று எழுதிவிடுவார்கள். மூன்று மாதத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் அது அளவெடுப்பதில் வரும் வேறுபாட்டுக்குள் மறைந்துவிடும். எட்டு ஸ்கேன் கடந்தபின் முதல் ஸ்கேனை எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் எட்டு மில்லிமீட்டர் வளர்ந்திருப்பது தெரியும். அறுவைக்குப் பின் 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஸ்கேன்தான் அடிப்படை. ஒவ்வொரு முறையும் அதோடும் ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவமனை மாறினால் அந்த ஸ்கேனின் மூலப் பதிவு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: சின்னக் குழந்தைக்கு ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மயக்க மருந்து. ஸ்கேன் நெருங்கும் வாரங்களில் குடும்பம் முழுதும் தூக்கமில்லாமல் தவிப்பதும் செலவுதான். கட்டி பார்வைப் பாதையில் இருந்தால் எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது. 3 மாதத்துக்கு ஒருமுறை கண் சோதனை வேண்டும். எழுத்து தெரியாத குழந்தைக்குக் கோடுபோட்ட அட்டைகளைக் காட்டி, அதன் கண் எங்கே திரும்புகிறது என்று பார்த்தே பார்வையை அளக்கலாம். "இன்னும் சின்னப் பிள்ளை, அளக்க முடியாது" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

பார்வை குறையத் தொடங்கிய பிறகும் பொறுத்திருப்பது பெரும் பிழை. அந்த இழப்புக்கு மாற்று இல்லை.

## வழி 2: மறுபடி அறுவைசிகிச்சை

சிறுமூளைக் கட்டிக்கும் பெருமூளையின் மேல்பகுதிக் கட்டிக்கும் இது பலமான வழி. முழுதும் எடுத்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதன்பிறகு வேறு சிகிச்சையே தேவைப்படாது. மிச்சம் எட்டக்கூடிய இடத்தில் இருந்து, வளர்கிறது என்று தெரிந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி "மறுபடி எடுக்க முடியுமா?" என்பதுதான். குழந்தைகளின் மூளைக் கட்டியை அடிக்கடி எடுக்கும் வேறொரு அறுவை நிபுணரிடமும் ஸ்கேனைக் காட்டுங்கள். ஒருவர் முடியாது என்றதை இன்னொருவர் பத்திரமாக எடுத்துவிடுவது உண்டு.

சிறுமூளையின் நடுப்பகுதியில் கை வைத்தால் ஒரு ஆபத்து இருக்கிறது. அறுவை முடிந்து நன்றாகப் பேசிய குழந்தை ஓரிரு நாளில் பேச்சை நிறுத்திவிடும். கை கால் தொய்ந்து, காரணமில்லாமல் அழும். பேச்சு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் திரும்பாது. திரும்பிய பின்னும் இழுத்துப் பேசுவதும் நடையில் தள்ளாட்டமும் பலருக்குத் தங்கிவிடும். மெடுல்லோபிளாஸ்டோமா அறுவையில் சுமார் நாலில் ஒரு பிள்ளைக்கு இது வருகிறது; லோ கிரேடு கட்டிகளில் அதைவிடக் குறைவு.

பலரும் தவறவிடுவது இன்னொன்று. கதிரோ கீமோவோ இல்லாமல் அறுவை மட்டும் நடந்த பிள்ளைகளிலும் கணிசமானோருக்குக் கவனம் சிதறுவது, சொல்லைத் தேடித் தடுமாறுவது, சட்டென்று கோபம் பொங்குவது போன்ற சிக்கல்கள் பின்னால் வருகின்றன. "கட்டியை எடுத்தாயிற்று, எல்லாம் முடிந்தது" என்று பள்ளியில் சொல்லிவிட்டால், பிள்ளை திணறும்போது சோம்பேறி என்ற பட்டம்தான் கிடைக்கும்.

ஹைப்போதலாமஸ் பக்கம் கட்டி இருந்தால் முழுதாக எடுக்க முயல வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அங்கே சேதமானால் பசி அடங்காது. உடல் எடை கட்டுக்கடங்காமல் ஏறும். தாகமும் உப்பு அளவும் தடுமாறும். உணவைக் குறைத்தும் இந்த எடை பெரும்பாலும் இறங்காது. பிள்ளையின் மன உறுதியில் குறை சொல்லவும் இடமில்லை.

## வழி 3: கீமோ

கார்போபிளாட்டினும் வின்கிரிஸ்டினும் சேர்ந்தது பல ஆண்டுகளாக முதல் வரிசை மருந்து. சிகிச்சை முறையைப் பொறுத்து ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஓடும். வாரம் ஒரு ஊசியாக 70 வாரம் தரும் வின்பிளாஸ்டின் மற்றொரு வழி. கீமோ பெரும்பாலும் கட்டியை ஒழிப்பதில்லை, நிறுத்தி வைக்கிறது. ஐந்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு அது மறுபடி அசையும். இது தோல்வி மாதிரித் தெரியும். ஆனால் 2 வயதில் தொடங்கிய பிள்ளைக்கு 7 வயது வரை கதிர் இல்லாமல் காலம் கிடைத்தால், மூளைக்கு அது மிகப்பெரிய லாபம்.

வின்கிரிஸ்டின் நரம்பைத் தொடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம்: பிள்ளையைக் குதிகாலில் நாலடி நடக்கச் சொல்லுங்கள். கால்விரல்கள் தரையைவிட்டு எழவில்லை என்றால், நடக்கும்போது பாதம் "தப் தப்" என்று விழுந்தால், அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவதும் தாடை வலிப்பதும் இதே கணக்கு. மலச்சிக்கல் வந்தபின் மருந்து தேடாமல் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கொடுக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலிருந்தே பாதம் வில்போல் உயர்ந்து கால் மெலிந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். பரம்பரை நரம்பு நோய் இருக்கும் பிள்ளைக்கு இந்த மருந்து கடுமையான பலவீனத்தைத் தந்துவிடும். வோரிகொனசோல், இட்ராகொனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளோடு சேர்ந்தால் நரம்புச் சேதம் கூடும்.

கார்போபிளாட்டினில் முதல் சில தவணைகள் ஒன்றும் செய்யாமல் போய், பிறகு ஒவ்வாமை வருவதுதான் வழக்கம். உள்ளங்கை அரிப்பும் முகச் சிவப்புமாகத் தொடங்கும். அடுத்த தவணையில் அது மூச்சுத்திணறலாகலாம். லேசான அரிப்பு என்று விட்டுவிடாமல் அங்கேயே நர்ஸிடம் சொல்ல வேண்டும். இதனால் பாதி வழியில் மருந்து மாற்றப்படும் பிள்ளைகள் நிறைய. மாற்றினால் சிகிச்சை தோற்றது என்று அர்த்தமில்லை. காதுக்கு இது சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தின் அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை என்றாலும் கேட்கும் திறன் சோதனை இடையிடையே வேண்டும்.

பிள்ளைப்பேறு விஷயத்தில் இந்த இரண்டு மருந்துகளும் குறைந்த ஆபத்தே. புரோகார்பசின், லோமஸ்டின் சேர்ந்த முறை வேறு கதை: கருவுறும் திறனையும் பாதிக்கும், பிற்காலத்தில் ரத்தப் புற்றுக்கும் இடம் கொடுக்கும். நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ள பிள்ளைக்கு அதைத் தவிர்ப்பார்கள். பட்டியலில் அந்தப் பெயர்கள் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: நெஞ்சில் பதித்த போர்ட் (மருந்து ஏற்றும் சிறு கருவி) இருக்கும் வரை 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் எந்த நேரத்தில் வந்தாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பள்ளி நாட்கள் போகும். ஒன்றரை வருடத்துக்குப் பெற்றோரில் ஒருவருடைய வேலை நேரம் இதற்கே சரியாகிவிடும்.

## வழி 4: இலக்கு மருந்துகள்

கட்டியின் மரபணு மாற்றத்தைக் குறிவைத்துத் தடுக்கும் மருந்துகள் இவை. இங்கேதான் கடைசி சில ஆண்டுகளில் கணக்கு மாறியது. பிராஃப் வி600ஈ மாற்றம் உள்ள கட்டிகளுக்கு டாப்ராஃபெனிப், ட்ராமெடினிப் இரண்டையும் சேர்த்துத் தருவதை 2023 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அங்கீகரித்தது. ஒரு வயதிலிருந்தே கொடுக்கலாம். கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டினோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வில் கட்டி சுருங்கியது இலக்கு மருந்தில் 47 சதவீதப் பிள்ளைகளுக்கு, கீமோவில் 11 சதவீதத்துக்கு. கட்டி மறுபடி அசையும் வரை கிடைத்த காலம் நடுமட்டமாக 20.1 மாதம், கீமோவில் 7.4 மாதம். இந்த மாற்றம் உள்ள கட்டி கீமோவுக்குச் சரியாக மசிவதில்லை என்பதும் இதில் தெரிகிறது. ஆகவே வி600ஈ இருக்கும் பிள்ளைக்கு, மருந்து கிடைக்கும் என்றால், கீமோவை முன்னால் வைக்கக் காரணம் இல்லை.

பிராஃப் இணைவு இருந்தால் கதை நேர் எதிர். டாப்ராஃபெனிப் போன்ற முதல் தலைமுறை மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கட்டியின் வளர்ச்சி தூண்டப்படும். மரபணுச் சோதனை முடியாமல் மருந்து தொடங்கக் கூடாது என்பது இதற்காகத்தான். சிகிச்சைக்குப் பிறகும் வளரும் கட்டிகளில், இணைவு உள்ளவற்றுக்கும் பொருந்தும் டோவோராஃபெனிப் 2024 ஏப்ரலில் அங்கீகாரம் பெற்றது. அதில் பிள்ளையின் உயர வளர்ச்சி மருந்து எடுக்கும் காலத்தில் குறைவதும் முடியின் நிறம் மாறுவதும் தெரிந்த விளைவுகள்.

மருந்து வாய்வழி, பிள்ளை பள்ளிக்குப் போகலாம் என்பதால் லேசாகத் தோன்றும். நடைமுறை அப்படியில்லை. டாப்ராஃபெனிப் நாளைக்கு இருமுறை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் அல்லது இரண்டு மணி நேரம் பின். பசித்து அழும் இரண்டு வயதுக் குழந்தையிடம் காலையும் மாலையும் இந்த இடைவெளியைக் காப்பாற்றுவது தினப் போராட்டம். மருந்தாலேயே காய்ச்சல் வரும். அது தொற்றா மருந்தா என்று வீட்டில் பிரித்தறிய முடியாது. ட்ராமெடினிப்பால் கால் பெருவிரல் நகக்கண் வீங்கிச் சீழ் பிடிக்கும். நகத்தை ஒட்ட வெட்டாமல் நேராக வெட்டினால், இறுக்கமில்லாத காலணி போட்டால் பாதித் தொல்லை குறையும். இதயத்துக்கு எக்கோவும் கண்ணின் விழித்திரைச் சோதனையும் குறித்த இடைவெளியில் தவறக் கூடாது.

நிறுத்தியதும் கட்டி மறுபடி வளர்வது அடிக்கடி நடக்கிறது. மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் மறுபடி அடங்கும். அப்படியானால் எத்தனை வருடம்? இந்த மருந்துகளோடு வளர்ந்து 20 ஆண்டு கடந்த பிள்ளை உலகில் இன்னும் யாரும் இல்லை. கதிரின் பின்விளைவு கொடுமையானது, ஆனால் அதன் கணக்கு நமக்குத் தெரியும். இந்தச் சிகிச்சையின் கணக்கு இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

## வழி 5: ரேடியேஷன்

கட்டியை நிறுத்துவதில் மிச்சமுள்ள வழிகளில் இதுவே வலிமையானது. துல்லியமாகக் குறிவைத்துக் கொடுத்தவர்களில் பத்தாண்டு கழித்தும் 10-ல் 7 பேருக்குக் கட்டி அசையவில்லை. வழக்கமான மொத்த அளவு 50.4 முதல் 54 கிரே. ஒரு நாளைக்கு 1.8 கிரே, வாரம் 5 நாள், ஏறக்குறைய 6 வாரம். அசையாமல் படுக்க முடியாத குழந்தைக்கு 30 நாளும் மயக்க மருந்து, 30 காலை வெறும் வயிறு. கீமோவின் ஒன்றரை வருடத்தோடு ஒப்பிட்டால் ஆறு வாரம் என்பது சின்னதாகத் தெரியும். இதன் விலை பிறகுதான் வரும்.

முதலில் வருவது ஹார்மோன். ஹைப்போதலாமஸ், அதன் கீழுள்ள ஹார்மோன் சுரப்பியான பிட்யூட்டரி பகுதிக்கு 18 கிரேக்கு மேல் போனாலே வளர்ச்சி ஹார்மோன் குறையக்கூடும். பெரும்பாலும் ஐந்தாண்டுக்குள் தெரிந்துவிடும். 30 கிரேக்கு மேல் தைராய்டு, கார்ட்டிசால், பருவ ஹார்மோன்கள். மாற்று உள்ள இழப்புகள் இவை, கண்டுபிடித்தால்.

அடுத்தது படிப்புத்திறன். கதிர் நரம்பிழைகளின் வெள்ளை உறையைத் தயாரிக்கும் செல்களைக் கெடுக்கிறது. செய்தி கடத்தும் கம்பியின் உறை மெலிவதுபோல. பிள்ளை கற்றதை மறப்பதில்லை. வகுப்பில் மற்றவர்கள் ஏறும் வேகத்தில் ஏற முடியாமல் ஆண்டுக்கு ஆண்டு இடைவெளி கூடுகிறது. சிகிச்சை முடிந்த வருடம் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை நாலாவது வருடம் திணறுவது இதனால்தான். வாய்ப்பாடு தெரியும், கேட்டால் சரியாகச் சொல்லும். ஆனால் பலகையில் உள்ளதை எழுதி முடிக்கும் முன் ஆசிரியர் அழித்துவிடுவார்.

ரத்தக் குழாய்ச் சேதம் மூன்றாவது. மூளையின் அடிப்பகுதிக் குழாய்கள் 50 கிரே வாங்கினால் பல வருடம் கழித்துச் சுருங்கக்கூடும். வாய்விட்டு அழும்போதோ, பலூன் ஊதும்போதோ ஒரு பக்கக் கை சில நிமிடம் தொய்ந்து பிறகு சரியாகிறது என்றால், அதைப் பிள்ளையின் அலுப்பு என்று விடாதீர்கள். ரத்தக் குழாய்க்கான எம்.ஆர்.ஐ. அன்றே கேட்க வேண்டிய அறிகுறி அது. கதிர் பட்ட இடத்தில் பிற்காலத்தில் புதுக் கட்டி வருவது நான்காவது: கிளையோமா ஐந்து, பத்து ஆண்டுகளில், மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் அதற்கும் பிறகு. நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ளவர்களுக்கு ரத்தக் குழாய், புதுக் கட்டி இரண்டு ஆபத்துமே கூடுதல் என்பதால் அவர்களுக்கு ரேடியேஷன் வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

ரேடியேஷன் முடிந்த முதல் ஓராண்டில் ஸ்கேனில் கட்டி பெரிதாகி, நீர்க்கட்டி சேர்ந்து தெரிவது லோ கிரேடு கட்டிகளில் சகஜம். பெரும்பாலும் அது வீக்கம், தானாக வடியும். பதறி அடுத்த சிகிச்சைக்குத் தாவி, தேவையில்லாத கீமோ வாங்கிய பிள்ளைகள் உண்டு. அறிகுறி மோசமாகவில்லை என்றால் 6 முதல் 8 வாரத்தில் மறு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது தகும்.

### புரோட்டானா, எக்ஸ்ரேயா

ரேடியேஷனை எக்ஸ்ரேயாலும் தரலாம், புரோட்டான் என்ற துகள்களாலும் தரலாம். எக்ஸ்ரே கட்டியைத் தாண்டி மறுபுறமும் போகும். புரோட்டான் குறித்த ஆழத்தில் நின்றுவிடும். கட்டியை அடக்குவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நல்ல மூளைக்கு வீணாகப் போகும் கதிர் புரோட்டானில் குறைவு. பெருமூளையின் ஒரு பக்கம் கட்டி இருந்தால் மறுபக்கம் முழுதும் தப்பும். அங்கே லாபம் பெரிது. ஆனால் கட்டி ஹைப்போதலாமஸிலேயே இருந்தால் எந்தக் கருவியும் அதைக் காப்பாற்றாது. ஹார்மோன் விஷயத்தில் புரோட்டானுக்கென்று தனி லாபம் இல்லை. மூளைத்தண்டை ஒட்டிய இடத்தில் புரோட்டானின் முனை எங்கே நிற்கிறது என்பதில் அதிகக் கவனம் வேண்டும், ஏனென்றால் அந்த முனையில்தான் அதன் வீரியம் கூடுகிறது. "எது நல்லது" என்று பொதுவாகக் கேட்காமல், உங்கள் பிள்ளைக்கு இரண்டு முறையிலும் திட்டம் போட்டு, ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கான பகுதி), உள்காது, பிட்யூட்டரி ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிரே போகிறது என்று எண்ணில் கேளுங்கள். உள்காது 35 கிரேக்குக் கீழ் இருப்பது நல்லது. வேறுபாடு மிகச் சின்னதென்றால் புரோட்டானுக்காக வெகுதூரம் போய் இரண்டு மாதம் தங்குவதும், அதற்காகச் சிகிச்சை தள்ளிப்போவதும் தேவையா என்று அப்போது தெரியும்.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்கு முதல் தேர்வு | பின்னால் வரும் பெரிய இழப்பு | கண்ணில் படாத சுமை |
|---|---|---|---|
| பொறுத்துப் பார்த்தல் | அறிகுறி இல்லாத, அசையாத மிச்சம். நியூரோஃபைப்ரோமடோசிஸ் | கவனிக்காமல் போன பார்வை | தொடர் ஸ்கேன், மயக்க மருந்து |
| மறு அறுவை | சிறுமூளை, எட்டக்கூடிய இடம் | பேச்சு, நடை, கவனம் | பள்ளியில் புரிந்துகொள்ளப்படாத சிரமம் |
| கீமோ | எடுக்க முடியாத கட்டி, சின்ன வயது, வி600ஈ இல்லாதவர் | கால் நரம்பு, ஓரளவு காது | ஒன்றரை வருட மருத்துவமனை வாசம் |
| இலக்கு மருந்து | வி600ஈ. கீமோவுக்குப் பின் வளரும் இணைவுக் கட்டி | நீண்டகாலக் கணக்கு முழுதாக இல்லை | நிறுத்தினால் வளரும். தோல், காய்ச்சல், எக்கோ |
| ரேடியேஷன் | பெரிய பிள்ளை. மற்றவை தோற்றபின் | மூளை வேகம், ஹார்மோன், ரத்தக் குழாய், புதுக் கட்டி | வாழ்நாள் கண்காணிப்பு |

5 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, பார்வை நிலையாக இருந்தால் வழி 1, எட்டக்கூடிய இடமென்றால் வழி 2, இல்லையென்றால் மரபணுவைப் பொறுத்து வழி 3 அல்லது 4. ஒரு கீமோ தோற்றதும் நேரே ரேடியேஷனுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டாவது, மூன்றாவது மருந்துக்கும் இந்தக் கட்டிகள் பல சமயம் அடங்குகின்றன. 12 வயதுப் பிள்ளை, நியூரோஃபைப்ரோமடோசிஸ் இல்லை, இரண்டு மருந்து தாண்டி வளர்கிறது என்றால் ரேடியேஷனுக்குப் பயந்து மூன்றாவது, நான்காவது மருந்தோடு பார்வையைப் பறிகொடுப்பது சரியான முடிவு ஆகாது.

## எதைத் தேர்ந்தாலும் தவறிப்போகும் சோதனைகள்

தைராய்டுக்கு டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டப் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்) மட்டும் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவது முதல் தவறு. பிட்யூட்டரி பழுதானால் டி.எஸ்.எச். சரியாகவே காட்டும்; தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துப் பார்த்தால்தான் குறை தெரியும். குறைவு தெரிந்தால் மாத்திரை தொடங்கும் முன் காலை 8 மணிக் கார்ட்டிசாலைப் பாருங்கள். கார்ட்டிசால் குறைந்திருக்கும் உடலுக்குத் தைராய்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் பிள்ளை திடீரென்று சரிந்துவிடக்கூடும்.

"நன்றாக வளர்கிறானே" என்பது இரண்டாவது. பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன் மார்பு வளர்ச்சி, ஆணுக்கு 9-க்கு முன் விதை பெருத்தல் தென்பட்டால் பருவம் முன்னதாக வந்துவிட்டது. அந்த வேகத்தில் உயரம் ஏறும். கீழே வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருப்பது மறைந்துவிடும். எலும்பு முனைகள் சீக்கிரம் மூடி, 12 வயதில் வளர்ச்சி நின்றபின் தெரிந்தால் செய்யக்கூடியது குறைவு. 6 மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வையுங்கள். பருவத்துக்கு முந்தைய வயதில் ஆண்டுக்கு 4 செ.மீ.க்குக் குறைந்தால் ஹார்மோன் நிபுணரிடம் போக வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி கட்டியைத் திரும்பக் கொண்டுவருவதாக இதுவரை நிரூபணம் இல்லை. வழக்கமாகச் சிகிச்சை முடிந்து ஓராண்டு பொறுத்துத் தொடங்குவார்கள்.

மூன்றாவது, அறிவுத்திறன் சோதனை. ஐ.க்யூ. என்ற ஒற்றை எண்ணை வாங்கி வராதீர்கள்; வேலை செய்யும் வேகம், தற்காலிக நினைவு, கவனம் மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் கேளுங்கள். சிகிச்சைக்கு முன் ஒருமுறை, ஓராண்டில் ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒன்று. அந்த அறிக்கையைக் காட்டித்தான் பள்ளியில் தேர்வுக்குக் கூடுதல் நேரம், முன்வரிசை இடம், எழுதிய குறிப்பைக் கையில் தருவது எல்லாம் கேட்டு வாங்க முடியும். கவனக்குறைவு அதிகம் என்றால் மெத்தில்ஃபெனிடேட் சில பிள்ளைகளுக்கு உதவுகிறது.

கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் போதும். இப்போது தொடங்காமல் 3 மாதம் பொறுத்தால் எது கெடும்? இந்த வழி தோற்றால் அடுத்து எது, அதற்கு வாசல் திறந்தே இருக்குமா? இதில் இழப்பவற்றில் மாற்று இல்லாதது எது? பருவமடைந்த பையன் என்றால் சிகிச்சைக்கு முன் விந்து சேமிக்க வேண்டுமா, பெண் என்றால் சினைப்பைத் திசுவைச் சேமிப்பது பற்றி யாரிடம் பேசுவது?

சிகிச்சை முடியும் நாளில் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கட்டியின் முழுப்பெயரும் மரபணு முடிவும், ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவு, ரேடியேஷன் என்றால் தேதிகளும் மொத்தக் கிரேயும், பிட்யூட்டரிக்கும் உள்காதுக்கும் போன அளவும், ஷன்ட் (மூளை நீரை வடிக்கும் குழாய்) இருந்தால் அதன் மாடலும் வால்வின் அமைப்பு எண்ணும். பிள்ளைக்கு 25 வயதில் தலைவலி வந்து புது ஊரில் புது மருத்துவர் முன் உட்காரும்போது, பழைய மருத்துவமனையில் கோப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு பிரதி வீட்டில், ஒரு படம் பிள்ளையின் போனில்.